வர முடியாதவரின் வழக்கு

விசாரணைத் தேதி போட்ட கடிதம் வந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். வேலை போனவர், கீழ்த் தீர்ப்பாயத்திலும் தோற்றவர், மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம் என்று காத்திருப்பவர். தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சலோ, முதுகுவலியோ, நெடுநாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்த மன அழுத்தமோ அவரைப் படுக்கையில் தள்ளிவிடுகிறது. இல்லாவிட்டால் ஊரில் அப்பா தவறிவிட்டார் என்று நள்ளிரவில் போன் வருகிறது. வாய்தா கேட்கலாமா, கேட்டால் தருவார்களா, தராவிட்டால் வழக்கு அதோடு போயிற்றா என்ற கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

பிரிட்டனில் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு உறுதியான பதில்கள் உருவாகியிருக்கின்றன. அங்கே மருத்துவமனைகளிலும் போக்குவரத்திலும் கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர். வேலைத் தகராறு என்று வரும்போது வக்கீல் வைக்க வசதியில்லாமல் தாமே வாதாடுகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்குத் தேவையான பதில்கள் சில விதிகளிலும் பல தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தீர்ப்பை மட்டும் படித்தவர் உடம்பு சரியில்லை என்றால் வாய்தா நிச்சயம் என்று நம்பிவிடுவார். இன்னொன்றை மட்டும் படித்தவர் கேட்டுப் பயனில்லை என்று சோர்ந்துபோவார். இரண்டும் தவறு. ஆகவே அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் அடுக்கு, எந்த மேடை என்பது. வேலை நீக்கம், பாகுபாடு, சம்பள பாக்கி போன்ற தகராறுகளை முதலில் கேட்பது வேலைத் தீர்ப்பாயம். எம்ப்ளாய்மென்ட் ட்ரைப்யூனல் என்று அங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். சாட்சி சொல்வது, குறுக்கு விசாரணை, ஆவணங்களைப் புரட்டிப் புரட்டிக் கேட்பது எல்லாம் இங்கேதான். இதற்கு மேலே 1976 முதல் இயங்கிவருவது வேலை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். லண்டனில் ஃபெட்டர் லேன் பக்கம் ரோல்ஸ் கட்டடத்திலும், ஸ்காட்லாந்து வழக்குகளுக்கு எடின்பரோவிலும் அது அமர்கிறது. 42 நாளுக்குள் அங்கே முறையிட வேண்டும். நடந்தது என்ன என்பதை அது மறுபடி விசாரிப்பதில்லை. கீழ்த் தீர்ப்பாயம் சட்டத்தில் தவறியதா என்பதை மட்டும் பார்க்கிறது. வழக்கமாகச் சாட்சிகள் வருவதில்லை. இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த வாதச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நீதிபதியின் முன் பேசுவார்கள், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாதவருக்குப் பின்னால் வரும் எதுவும் புரியாது. கீழ்த் தீர்ப்பாயத்தில் மனுதாரர் வரவில்லை என்றால் அவருடைய சாட்சியமே வரவில்லை. மேலாளர் தன்னைப் பற்றி என்ன சொன்னார், எந்தக் கூட்டத்தில் சொன்னார் என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. மேல்முறையீட்டில் அப்படி அல்ல. சட்டக் கேள்வி காகிதத்தில் இருக்கிறது. பாரிஸ்டர் ஒருவர் அவருக்காக நின்று வாதாடினால், கட்சிக்காரர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் வீட்டில் படுத்திருந்தாலும் வாதத்தின் வலு குறையாது. ஆனால் வக்கீல் இல்லாதவர் வரவில்லை என்றால் வாதாடவே ஆள் இல்லை. அதே நோய், அதே மருத்துவச் சான்று, ஒரு மேடையில் வாய்தா பெற்றுத் தருவதும் மற்றொன்றில் பெற்றுத் தராததும் இதனால்தான்.

ஆகவே உடம்பு சரியில்லையா என்பது வாசல் கேள்விதான். உள்ளே போனபின் நீதிபதி கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்த மனிதர் இல்லாமல் நடத்தினால் நியாயமான விசாரணைக்கு எது குறையும் என்பது. அந்தக் குறையை வேறு வழியில் நிரப்ப முடியுமா என்பது அதன் தொடர்ச்சி. வாய்தா கேட்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் தயாரித்துக்கொண்டு போகிறார்கள். மறுக்கப்படும் மனுக்களில் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன என்பது என் எண்ணம்.

இந்தக் கேள்வியைத் தெளிவாக நிலைநாட்டியது 2002-இல் வந்த ஒரு தீர்ப்பு. லண்டனின் வான்ட்ஸ்வொர்த் நகராட்சிக்கு எதிரான வழக்கு அது. மனுதாரருக்குக் கடும் மன அழுத்தம், விசாரணைக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறேன் என்று மருத்துவர் எழுதிய கடிதம் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயமோ, வர முடியாதவர் என்று இதில் இல்லை, வராமல் இருக்க இவரே முடிவு செய்திருக்கிறார் என்று கருதி வாய்தாவை மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. நகராட்சி அதற்கும் மேலே உள்ள அப்பீல் நீதிமன்றம் வரை போயும் தோற்றது.

அப்பீல் நீதிமன்றத்தில் நீதிபதி பீட்டர் கிப்சன் சொன்னதன் சாரம் இது. வாய்தா கொடுப்பதும் மறுப்பதும் தீர்ப்பாயத்தின் விருப்புரிமைதான். ஆனாலும் சில வாய்தாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் நீதியையே மறுத்ததாகும். மறுப்பின் விளைவு வழக்கே தள்ளுபடியாவது என்ற அளவுக்குக் கடுமையானால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. நியாயமான விசாரணைக்குத் தேவைப்படும் ஒருவர், தம் தவறு எதுவும் இல்லாமல் வர முடியாமல் போனால், தீர்ப்பாயத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் எவ்வளவு சிரமம் ஆனாலும் பொதுவாக வாய்தா கொடுக்க வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு அதையே கேட்கிறது. கூடவே அவர் வேறொன்றும் சொன்னார், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வர முடியாமை உண்மையானதுதானா என்று தீர்ப்பாயம் திருப்தி அடைய உரிமை உண்டு, நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவர் மேல்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுவது அதற்கு அடுத்த பகுதி. மருத்துவச் சான்று இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றால் என்ன செய்வது? உடனே மறுத்துவிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் கூடுதல் சான்று கொண்டுவா என்று சொல்லலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மருத்துவரிடம் நேரே கேட்டுத் தெளிவு பெற அனுமதி தருகிறாயா என்று மனுதாரரைக் கேட்கலாம். சந்தேகம் வந்த இடத்தில் கதவை அடைக்காமல் சந்தேகத்தைத் தீர்க்க வழி தேடு என்பது இதன் பொருள். நோயாளிக்கு மருத்துவரைப் பிடிப்பதே பெரும்பாடு. அவர் என்ன எழுதுகிறார் என்பது நோயாளியின் கையில் இல்லை. சான்றின் குறைக்காக முழு வழக்கையும் அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது என்ற கருணையும் நடைமுறை அறிவும் அந்தப் பத்தியில் சேர்ந்திருக்கின்றன.

அதே ஆண்டு, அதே நீதிபதியின் முன் வந்த இன்னொரு வழக்கு எதிர்ப்பக்கம் முடிந்தது. அப்போது நீதிமன்றங்களை நிர்வகித்துவந்த லார்ட் சான்சலர் துறையின் மீதே அங்கு பணியாற்றியவர் தொடுத்த பாகுபாட்டு வழக்கு. உடல்நலக் காரணம் சொல்லி வாய்தா கேட்கப்பட்டது. தீர்ப்பாயம் உடனே மறுக்கவில்லை. இன்னின்ன கேள்விகளுக்கு மருத்துவர் பதில் தரட்டும் என்று அவகாசம் கொடுத்தது. வந்த அறிக்கையோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நோயைப் பற்றிப் பேசியது, விசாரணைக்கு வர முடியுமா என்பதைச் சொல்லவில்லை. தீர்ப்பாயம் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த மறுப்பைத் தவறு என்றது. அப்பீல் நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பாயத்தின் முடிவையே மீட்டுக் கொடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சட்டம் தெரிகிறது. முதல் வழக்கில் சந்தேகம் தீர்க்க முயற்சி நடக்கவில்லை, மனுதாரரின் தலையில் பழி விழுந்தது. இரண்டாவதில் முயற்சி நடந்தது, வாய்ப்பும் கொடுக்கப்பட்டது, அது பயன்படுத்தப்படவில்லை. அதோடு எதிர்த்தரப்பு என்று ஒன்று உண்டு என்பதும் அந்த இரண்டாவது வழக்கில் கனமாக வந்து நிற்கிறது. இனப் பாகுபாடு காட்டினாய் என்று குற்றம் சாட்டப்பட்ட அலுவலர் அந்தச் சுமையோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். சாட்சிகளின் நினைவு மங்குகிறது. வேலை மாறிப் போனவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நியாயமான விசாரணை என்பது நியாயமான காலத்துக்குள் நடக்கும் விசாரணையும்தான். 6-ஆம் பிரிவே அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்கிறது.

இப்போது அந்த மருத்துவக் கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வழக்கமாக வரும் கடிதம் மூன்று வரிதான். ‘மேற்கண்டவர் என் நோயாளி. கடும் மன அழுத்தத்தாலும் தூக்கமின்மையாலும் அவதிப்படுகிறார். விசாரணையில் கலந்துகொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறேன்.’ இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நீதிபதிக்குத் தேவையானதும் இல்லை. மருத்துவர் இவரை எப்போது பார்த்தார்? நோய் இவரை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது? வீட்டிலிருந்து வீடியோவில் அரை மணி பேச முடியுமா? எப்போது தேறுவார்?

பலர் இதுகூட இல்லாமல் ஃபிட் நோட் ஒன்றை அனுப்பிவிடுகிறார்கள். வேலைக்குப் போக முடியாது என்று ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் தரும் தாள் அது. 2022 ஜூலை முதல் செவிலியரும் மருந்தாளுநரும் பிசியோதெரபிஸ்டும்கூட அதில் கையெழுத்திடலாம். ஆனால் எட்டு மணி நேரம் கிடங்கில் மூட்டை தூக்க முடியாது என்பது வேறு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச முடியாது என்பது வேறு. முன்னதைச் சொல்லும் தாள் பின்னதை நிரூபிக்காது.

நல்ல கடிதம் எப்படி இருக்கும் என்பதை 2012-இல் உயர் நீதிமன்ற நீதிபதி நாரிஸ் ஒரு வழக்கில் விளக்கினார். அது வேலை வழக்கு அல்ல, ஆனால் அவர் சொன்னது எல்லா மன்றங்களிலும் வழிகாட்டியாகிவிட்டது. மருத்துவர் யார், நோயாளியை எவ்வளவு நாளாக, எந்த அளவுக்கு அறிவார், அண்மையில் எப்போது பார்த்தார் என்பது இருக்க வேண்டும். நோய் என்ன, அதன் எந்த அம்சம் விசாரணையில் பங்கெடுக்கத் தடையாகிறது என்பது குறிப்பாக இருக்க வேண்டும். எப்போது தேறுவார் என்பது காரணத்தோடு இருக்க வேண்டும். நோயாளி சொன்னதை அப்படியே திருப்பி எழுதவில்லை, முறையாகப் பரிசோதித்துத் தாமே எண்ணிச் சொல்கிறார் என்ற நம்பிக்கை படிக்கிறவருக்கு வர வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் வேலைத் தீர்ப்பாயங்களுக்கு 2013 டிசம்பரில் அவற்றின் தலைவர் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது. விசாரணைக்கு வரும் நிலையில் இல்லை என்ற மருத்துவரின் கருத்து, நோயின் போக்கு, அந்த நிலை எப்போது மாறும் என்ற குறிப்பு, மூன்றையும் அது கேட்கிறது.

அந்த அளவுகோலுக்கு ஏற்ற கடிதம் ஒன்றை நாமே எழுதிப் பார்க்கலாம். ‘நான்கு ஆண்டாக என் நோயாளி. இம்மாதம் மூன்றாம் தேதி நேரில் பரிசோதித்தேன். பதற்ற நோய் தீவிரமாகியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே விஷயத்தில் கவனம் நிற்கவில்லை. கேள்வி கேட்டால் மூச்சு திணறுகிறது. மருந்தை மாற்றியிருக்கிறேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் பலன் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை வீடியோ வழியாகவும் வாதாட இயலாது. அதன் பிறகு மணிக்கு ஒருமுறை இடைவேளை கொடுத்தால் கலந்துகொள்ள முடியும்.’ இதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஆனால் இதைப் படித்த நீதிபதிக்கு எவ்வளவு நாள் ஒத்திவைக்க வேண்டும், அடுத்த முறை எப்படி நடத்த வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. மருத்துவரிடம் போகிறவர், விசாரணைக்காகச் சான்று வேண்டும் என்று மட்டும் கேட்காமல், இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஜி.பி.க்கு நீதிமன்ற நடைமுறை தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டால்தான் எழுதுவார்.

தேறும் காலத்தைச் சொல்ல முடியாத நோய்களும் உண்டு. எல்லாவற்றிலும் கடினமான இடம் இதுதான். வழக்கே நோய்க்குக் காரணமாக இருக்கும்போது, வழக்கு முடியும்வரை நோய் தீராது, நோய் தீரும்வரை வழக்கு நடக்காது என்ற சுழலில் மனுதாரர் மாட்டிக்கொள்கிறார். மூன்றாவது வாய்தாவின்போதும் அதே கடிதம் வந்தால், ஒத்திவைப்பதால் எதுவும் மாறப்போவதில்லை என்று தீர்ப்பாயம் முடிவு செய்வதற்கு இடமிருக்கிறது. லண்டன் போக்குவரத்து நிறுவனமான டி.எஃப்.எல். மீது உடற்குறை காரணமான பாகுபாட்டை எதிர்த்து ஒருவர் தொடுத்த வழக்கு இங்கே முக்கியம். அவர் கேட்ட வாய்தாவைத் தீர்ப்பாயம் மறுத்து, அவர் இல்லாமலேயே விசாரணையை நடத்தி முடித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இது அநியாயம் என்றது. 2013-இல் அப்பீல் நீதிமன்றம் அதை மாற்றியது. நியாயம் என்பதை ஒரு தரப்பின் பக்கமிருந்து மட்டும் அளக்க முடியாது, இரு தரப்புக்கும் சேர்த்து ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி மம்மரி விளக்கினார். வாய்தா கொடுத்தால் ஒரு தரப்புக்குக் கஷ்டம், மறுத்தால் மற்றதற்குக் கஷ்டம். அந்த இக்கட்டை நேரே பார்த்து எடை போட்டது கீழ்த் தீர்ப்பாயம். அது எடை போட்ட முறையில் சட்டத் தவறு இல்லையென்றால், தான் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன் என்பதற்காக மேல் மன்றம் தலையிட முடியாது.

இதிலிருந்து அடுத்த அடுக்கு திறக்கிறது. ‘வாய்தா’வும் ‘மேல்முறையீடு’ம் சந்திக்கும் இடங்கள் இரண்டு, அவை அடிக்கடி குழம்பிப் போகின்றன. ஒன்று, மேல்முறையீட்டின் விசாரணையையே ஒத்திவைக்கக் கேட்பது. மற்றொன்று, கீழே வாய்தா மறுத்தது தவறு என்று மேல்முறையீடு செய்வது. இரண்டாவது வகையில் வெல்வது கடினம். ரஷ்யத் தொழிலதிபர் பெரெசோவ்ஸ்கி சம்பந்தப்பட்ட ஓர் அவதூறு வழக்கில் 2010-இல் நீதிபதி செட்லி விளக்கியபடி, ஒரு சூழ்நிலையில் நியாயமான முடிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று எண்ணக் கூடாது. கொடுத்திருந்தாலும் நியாயம், மறுத்ததும் நியாயம் என்ற நிலைகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் மேல் மன்றத்தால் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஆகவே வாய்தாவுக்கான உண்மையான போராட்டம் மனு கொடுக்கும் அந்த முதல் இடத்திலேயே நடந்துவிடுகிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அரைகுறையாக மனு எழுதுகிறவர் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

மேல்முறையீட்டு விசாரணையையே ஒத்திவைக்கக் கேட்கும்போது யார் கேட்கிறார் என்பதும் கணக்கில் வருகிறது. முறையிட்டவரே வரவில்லை, வக்கீலும் இல்லை என்றால், மேல்முறையீடே தள்ளுபடியாகும் அபாயம் உண்டு. கீழே வென்ற தொழிலாளி, முதலாளியின் மேல்முறையீட்டுக்கு வர முடியாமல் போனால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கீழ்த் தீர்ப்பில் சட்டத் தவறு இருக்கிறது என்று முதலாளி தரப்பு அப்போதும் நீதிபதியை ஒப்புக்கொள்ளச் செய்தாக வேண்டும். எதிரே ஆள் இல்லை என்பதற்காக வெற்றி தானாக வந்துவிடாது. ஆனாலும் அவர் ஒரு எழுத்துமூல வாதமாவது அனுப்பியிருப்பது பெரும் பாதுகாப்பு.

கால தாமதத்தின் சேதமும் இங்கே வேறு மாதிரி. சாட்சிகள் இல்லாத மேடை ஆதலால் நினைவு மங்கும் என்ற வாதத்துக்கு உடனடி வலு இல்லை. ஆனால் மேல்முறையீடு வென்றால் வழக்கு பெரும்பாலும் மறுபடி கீழே அனுப்பப்படும், சில சமயம் புதிய அமர்வின் முன் முதலிலிருந்து. அப்போது சாட்சிகள் இன்னும் ஓர் ஆண்டு மூத்த நினைவோடு வர வேண்டியிருக்கும். ஆகவே மேல்முறையீட்டில் ஆறு மாத வாய்தா என்பது வெறும் ஆறு மாதம் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும்போது அதில் நியாயம் உண்டு.

நோயைத் தவிர மற்ற காரணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நெருங்கிய உறவின் மரணம், பிரசவம், அவசர அறுவை சிகிச்சை இவற்றில் ஆதாரத்தை இணைத்துக் கேட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. தான் விரும்பிய பாரிஸ்டருக்கு அன்று வேறு வழக்கு என்பது பலவீனமான காரணம், வேறொருவரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முன்பே பணம் கட்டிய பயணமானால், தேதி வந்தவுடன் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் முன்பே தெரிந்ததை ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும்.

வெளிநாட்டில் மாட்டிக்கொள்வது நம் ஆட்களுக்கு அதிகம் நேர்வது. கீழ்த் தீர்ப்பாயத்தில் இது சிக்கலானது. இன்னொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் சாட்சி சொல்ல அந்த நாட்டுக்கு ஆட்சேபம் இல்லை என்பது உறுதிப்பட வேண்டும். 2021-இல் வந்த ஒரு குடியேற்றத் தீர்ப்புக்குப் பிறகு இது கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சாட்சியத்துக்குத்தான், வாதத்துக்கு அல்ல. மேல்முறையீட்டில் வாதம் மட்டுமே என்பதால், ஊருக்குப் போனவர் அங்கிருந்தே வீடியோவில் வாதாட அனுமதி கேட்க இடமிருக்கிறது. வாய்தா கேட்டுக் கிடைக்காமல் நிற்பதைவிட அது மேல்.

கேட்கும் முறையிலும் இரண்டு மேடைக்கும் வேறுபாடு உண்டு. கீழ்த் தீர்ப்பாயத்தில் 2016-இல் வந்த விதி ஒரு கோடு போட்டது. விசாரணைக்கு ஏழு நாளுக்குள் கேட்டால், அல்லது ஏற்கெனவே இரண்டு முறை அதே தரப்புக்கு ஒத்திவைத்திருந்தால், சில குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே மறுபடி கிடைக்கும். விதிவிலக்கான சூழ்நிலை அவற்றில் ஒன்று. நெடுநாள் நோயோ உடற்குறையோ காரணமான உடல்நலக் கேடு அதில் அடங்கலாம் என்று விதியே சொல்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும் அந்த ஏழு நாள் கோடு தொடர்கிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அந்தக் கோடு பொருந்தாது. ஆனால் தேதி குறித்தபின் தக்க காரணமின்றி மாற்றமாட்டார்கள் என்பது அங்கும் உண்டு. வாய்தாவுக்குக் காரணமான தரப்பின் மீது செலவுத் தொகை விதிக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது. இரு மேடையிலும் மனுவின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்புவது அவசியம். எதிர்த்தரப்பு சம்மதித்தால் நல்லது, ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலும் முடிவு தீர்ப்பாயத்துடையதே.

முழு வாய்தாவுக்கும் முழு மறுப்புக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. மனு எழுதுகிறவர் அந்த நடு இடத்தைத் தாமே சுட்டிக்காட்டினால் அவருடைய நேர்மை வெளிப்படும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். நேரில் வர முடியாதவர் வீடியோவில் வரலாம். நீண்ட நேரம் உட்கார முடியாதவருக்கு இடைவேளைகள், அரை நாள் அமர்வுகள். பேச முடியாதவர் விரிவான எழுத்து வாதத்தைக் கொடுத்து, அதன்படி முடிவு செய்யுங்கள் என்று கேட்கலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனக்காகப் பேச வக்கீல்தான் வேண்டும் என்பதில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியோ, தான் விரும்பும் வேறொருவரோ பேச 1996-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. மேல்முறையீட்டின் ஆரம்பக்கட்ட விசாரணைகளில், வக்கீல் இல்லாதவருக்கு அன்றைய தினம் கட்டணமின்றி ஒரு வக்கீல் உதவும் ஈலாஸ் என்ற திட்டமும் நடக்கிறது. இவை எதுவும் தன் நோய்க்கு ஏன் உதவாது என்பதையும் மனுவில் சொல்லிவிட்டால், வாய்தா தவிர வேறு வழியில்லை என்பது தானே நிலைநாட்டப்படும்.

எல்லோருக்கும் மனு போட நேரம் கிடைப்பதில்லை. காலை பத்து மணிக்கு விசாரணை, வரும் வழியில் விபத்து. தீர்ப்பாய அறையில் ஒரு பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் வக்கீல் கோப்பைத் திறந்து வைத்துவிட்டார். கீழ்த் தீர்ப்பாய விதிப்படி, வராதவரின் மனுவைத் தள்ளுபடி செய்யவோ அவர் இல்லாமல் நடத்தவோ அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குமுன், இயன்ற அளவு விசாரித்து, வராததற்கான காரணம் பற்றித் தெரிய வருவதைக் கருத்தில் கொண்டாக வேண்டும். நடைமுறையில் எழுத்தர் ஒருவர் கோப்பிலுள்ள எண்ணுக்குப் போன் செய்வார். அந்த ஒரு அழைப்பைச் செய்யலாமா என்பதைத் தீர்ப்பாயங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்த நீதிபதி பர்ட்டன் 2004-இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தினார். மருத்துவமனையில் இருப்பவருக்கும் தேதியை மறந்து தூங்குகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அழைப்புதான் காட்டிக்கொடுக்கும். அதனால் கோப்பில் சரியான எண் இருப்பதும், மறுபக்கம் அதை எடுக்க வீட்டில் ஒருவர் இருப்பதும் சிறிய விஷயங்கள் அல்ல.

அழைப்பும் எட்டவில்லை, வழக்கும் முடிந்துவிட்டது என்றால்? கீழ்த் தீர்ப்பாயத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தன் உத்தரவைத் தானே திரும்பப் பார்க்க முடியும். தவறுதலாக உத்தரவு பிறந்திருந்தால், அறிவிப்பு கிடைக்காமல் போயிருந்தால், நீதியின் நலன் அதைக் கேட்டால், என்று மூன்று வாசல்கள் அங்கே உண்டு. விபத்தில் சிக்கியவருக்கும் மயங்கிக் கிடந்தவருக்கும் மூன்றாவது வாசல் பொருந்தும். ஆனால் அங்கே மறுபடி அதே இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. ஏன் வரவில்லை, வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மருத்துவமனைத் தாளோடு, அன்று சொல்ல இருந்த வாதத்தையும் எழுதி இணைக்க வேண்டும். இரு மேடையிலும் கெடு 14 நாள். அந்த நாட்களில் மனுதாரர் இன்னும் படுக்கையிலேயே இருக்கக்கூடும், ஆகவே கெடு தவறாமல் மனுவை அவருக்காக எழுதி அனுப்ப மகனோ மகளோ நண்பரோ பக்கத்தில் வேண்டும்.